கொடிக்கயிறு யார் கையில்? பிள்ளைகளுக்குத் தலைமைப் பண்பு பழக்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தர்மபுரி மாவட்டத்தில் பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர்ப் பள்ளி மைதானத்தில் முப்பது பிள்ளைகள் அளவில் கூடுகிறார்கள். ஏழாம் வகுப்பு படிக்கிறவர்களும் உண்டு, கல்லூரியில் சேர்ந்தவர்களும் உண்டு. கொடியேற்றப் பழகுகிறோம், ஊர் வேலைகளை எடுத்துச் செய்கிறோம், கிராம சபைக்குப் போகிறோம். ஜூலை பிறந்துவிட்டால் பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை, ஓசூர் என்று பல பக்கத்திலிருந்தும் ஆசிரியர்களும் பெற்றோரும் போனில் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். கேள்விகள் ஏறக்குறைய இவைதான்.

கொடியேற்றுவது அரைமணி நேர நிகழ்ச்சி. அதில் தலைமைப் பண்பு எங்கிருந்து வருகிறது?

அந்த அரைமணிக்கு முந்தைய ஒரு வாரத்தில் வருகிறது. நிறைய இடங்களில் நடப்பதைச் சொல்கிறேன். கயிறு கட்டுவது வாட்ச்மேன். கொடியை மடித்து வைப்பது பி.டி. சார். மைக் பிடிப்பது தமிழாசிரியர். பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், கை தட்டுகிறார்கள், மிட்டாய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். பத்து வருடம் இப்படி நின்ற பிள்ளை நிற்கக் கற்றிருக்கும். வேறு எதைக் கற்றிருக்க முடியும்?

2002 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தியக் கொடி விதித்தொகுப்பில் பள்ளிகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அதைத் தலைமையாசிரியர்கள் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். பிள்ளைகள் மூன்று பக்கமும் நிற்க, நான்காவது பக்கத்தின் நடுவில் கொடிக்கம்பம். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு மாணவத் தலைவர். தன் வகுப்பு தயாரானதும் அவர் முன்னால் வந்து பள்ளி மாணவத் தலைவருக்கு சல்யூட் வைக்கிறார். எல்லா வகுப்பும் தயாரானதும் பள்ளி மாணவத் தலைவர் தலைமையாசிரியரிடம் போய் சல்யூட் வைக்கிறார். தலைமையாசிரியர் பதில் சல்யூட் வைக்கிறார். அதன் பிறகுதான் கொடி. ‘அட்டென்ஷன்’ சொல்வதும், கொடி விரிந்ததும் ‘சல்யூட்’ சொல்வதும் மாணவத் தலைவரின் குரல்தான்.

அதாவது, ஒரு பிள்ளை ‘தயார்’ என்று சொல்லும்வரை கொடி ஏறாது. இதை எழுதியவர்கள் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள். நாம்தான் அந்த இடத்தைப் பிள்ளைகளிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டோம்.

எந்தெந்த வேலையை யாரிடம் கொடுப்பது?

எங்கள் மைதானத்தில் நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். உங்கள் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

கம்பமும் கப்பியும் இரண்டு பேர் பொறுப்பு. ஒரு வாரம் முன்பே கயிறை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். நைந்திருந்தால் மாற்றச் சொல்லித் தலைமையாசிரியரிடம் அவர்களே போய்க் கேட்க வேண்டும். கேட்பதும் வேலையில் ஒரு பாதி. ‘சார், கயிறு நஞ்சு போச்சு’ என்று பெரியவர் முன்னால் நின்று சொல்லத் தெரியாத பிள்ளை நிறைய. இந்த இரண்டு பேரும் முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டியது மின்கம்பி. புதிதாக இரும்புக் குழாய் நடுகிற இடத்தில் தலைக்கு மேலே கம்பி போனால் அங்கே கம்பமே வேண்டாம். குழாயைத் தூக்கி நிறுத்துகிற வேலை பெரியவர்களுடையது. பிள்ளைகளை அதில் விடாதீர்கள்.

கொடி ஒருவர் பொறுப்பு. கிழிசல் இருக்கிறதா, கறை இருக்கிறதா, சாயம் போயிருக்கிறதா, சக்கரம் இரு பக்கமும் தெரிகிறதா என்று பார்ப்பது அவர். வரிசை நான்கு பேரிடம். குடிதண்ணீரும் மயங்கி விழும் பிள்ளைக்கு நிழலும் இரண்டு பேரிடம். ஆகஸ்ட் வெயிலில் காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளை கட்டாயம் ஒன்றாவது விழும். அதை முன்கூட்டியே நினைத்து, பெஞ்சும் சொம்பும் நிழலில் கொண்டுபோய் வைத்தவனைத்தான் நான் அந்த வருடத்தின் தலைவன் என்பேன். மைக்கில் கத்துகிறவன் எப்படியும் கிடைப்பான்.

இனி முடிச்சு. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காலை ஆறரை மணி. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, விரித்த வெள்ளை வேட்டியின் மேல் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறாள். எதிரே அவள் தோழி. இருவரும் கொடியை இழுத்துப் பிடித்து மடிக்கிறார்கள். நடுவில் ஒரு கை சாமந்தி இதழ். முந்தின நாளே அவள் அப்பா தோட்டத்தில் பறித்து ஈரத்துணியில் வைத்திருந்தது. இதழ் ஈரமாக இருந்தால் துணியில் ஒட்டிக்கொள்ளும் என்று விடிவதற்குள் எடுத்து உலர விட்டிருக்கிறாள். அதை நான் சொல்லித் தரவில்லை. பொட்டலமாகச் சுருட்டி, கயிறை இரண்டு சுற்றுச் சுற்றி, கடைசிச் சுற்றை மட்டும் மடக்கி உள்ளே செருகுகிறாள். இழுத்தால் அவிழும், காற்றுக்கு அவிழாது. கட்டி முடித்ததும் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். அவிழ்ந்தது. மறுபடி முதலிலிருந்து. மூன்று தடவை. எட்டு மணிக்கு முந்நூறு பேர் முன்னால் கொடி ஒரே இழுப்பில் விரிந்து சாமந்தி கொட்டியபோது எல்லாரும் மேலே பார்த்தார்கள். அவள் கீழே, கயிறைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொடி அவிழாமல் போனால்? தலைகீழாகப் பறந்துவிட்டால்? பிள்ளைகளை நம்பி எப்படி விடுவது?

பெரியவர்கள் கட்டியும் அவிழாமல் போயிருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பள்ளியில் நானே கட்டினேன், எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவசர அவசரமாக. சிறப்பு விருந்தினர் இழுத்தார், இறுகிக்கொண்டது. இன்னும் வேகமாக இழுத்தார், கயிறு கப்பியை விட்டு இறங்கிவிட்டது. ஆசிரியர்கள் எல்லாரும் கம்பத்தடியில் கூடிவிட்டோம். ஒருவர்மேல் ஒருவர் கோபம். அந்த நேரத்தில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வரிசைக்கு முன்னால் வந்து, ‘யாரும் கலையாதீங்க, அப்படியே நில்லுங்க’ என்றான். இரண்டு பேரை ஏணி எடுத்துவர அனுப்பினான். ஏறியது பள்ளி ஊழியர். கயிறு கப்பிக்குத் திரும்பி, கொடி கீழே வந்து, மறுபடி கட்டி ஏற்ற ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். வரிசை கலையவில்லை. அன்றிலிருந்து முடிச்சை நான் தொடுவதில்லை.

தலைகீழாகிவிட்டால் பதற வேண்டாம். முறையாக இறக்கி, சரி செய்து, மறுபடி ஏற்றுங்கள். வேண்டுமென்றே காவி கீழே வரும்படி ஏற்றுவதுதான் குற்றம். கட்டிய பிள்ளையை அன்று எல்லார் முன்னாலும் திட்டுவது பெரிய பிழை. அடுத்த வருடம் அதே பிள்ளையிடம் அதே வேலையைக் கொடுங்கள்.

கொடி விதிகளில் பிள்ளைகளுக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது எது?

அளவு 3க்கு 2. மேலே காவி, நடுவில் வெள்ளை, கீழே பச்சை, வெள்ளையில் 24 ஆரங்கள் உள்ள கருநீலச் சக்கரம். அரசியல் நிர்ணய சபை இதை ஏற்றுக்கொண்ட நாள் 1947 ஜூலை 22. ஏற்றும்போது விரைவாக, இறக்கும்போது மெதுவாக. தரையில் படக்கூடாது, தண்ணீரில் இழுபடக்கூடாது. அதன்மேல் எதையும் எழுதக்கூடாது. தேசியக் கொடியை விட உயரத்தில் வேறு கொடி கூடாது. கம்பத்தின் உச்சியில் மாலை போடக்கூடாது, பூ வைக்கக்கூடாது. ஆசையாகச் செய்வார்கள், ஆனாலும் கூடாது. சுவரில் நெட்டுவாக்கில் மாட்டினால் பார்ப்பவருக்கு இடப்பக்கம் காவி வர வேண்டும்.

துக்கத்துக்கு அரைக்கம்பம் என்றால் நேராகப் பாதியில் நிறுத்துவது அல்ல. உச்சிவரை ஏற்றிப் பிறகு பாதிக்கு இறக்க வேண்டும். மாலையில் இறக்கும்போதும் ஒருமுறை உச்சிக்கு ஏற்றித்தான் இறக்க வேண்டும்.

1971ஆம் வருடத்துச் சட்டப்படி தேசியக் கொடியைப் பொது இடத்தில் எரிப்பது, கிழிப்பது, மிதிப்பது, அவமதிப்பது குற்றம். மூன்று வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஆனால் இதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். பயத்தில் தொடங்கிய பிள்ளை கொடியைத் தொடவே தயங்கும்.

வீட்டில் ஏற்றலாமா? இரவில் இருக்கலாமா? பாலியஸ்டர் துணி பரவாயில்லையா?

மூன்றுக்கும் ‘ஆம்’. மரியாதைக்குக் குறைவில்லாமல் கொடியேற்றுவது குடிமக்களின் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2004இல் நவீன் ஜிண்டால் வழக்கில் தீர்ப்பளித்தது. 2021 டிசம்பர் 30 திருத்தத்தில் பாலியஸ்டருக்கும் இயந்திரத்தில் நெய்த துணிக்கும் இடம் கிடைத்தது. 2022 ஜூலையிலிருந்து திறந்த வெளியிலும் வீட்டிலும் இரவு பகலாகப் பறக்க விடலாம். என் சொந்த விருப்பம் கதர்தான். பக்கத்து மாநிலத்தில் ஹூப்ளியில் தைத்து வருகிற கொடியைக் கையில் வாங்கினால் அதன் கனமே வேறு. ஆனால் கதர்க் கொடி வாங்கப் பணமில்லை என்பதற்காக எந்தப் பள்ளியும் குறைந்துபோவதில்லை.

பிளாஸ்டிக் கொடி வேண்டாம். காகிதக் கொடி அசைக்கலாம், ஆனால் முடிந்ததும் தரையில் போடக்கூடாது. ஆகஸ்ட் 15 மதியம் தர்மபுரி பேருந்து நிலையத்துப் பக்கம் போய்ப் பாருங்கள், நம் வேலை எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று தெரியும். எங்கள் பிள்ளைகள் நான்கு பேர் ஒரு கோணிப்பையோடு சுற்றி வருவார்கள். யாரையும் கடிந்து பேச மாட்டார்கள், குனிந்து எடுப்பார்கள். ஒரு கடைக்காரர் இரண்டாவது வருடம் தானே எடுத்து வைத்திருந்து பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுத்தார்.

கிழிந்த கொடியை என்ன செய்வது?

குப்பையில் போடக்கூடாது, துடைக்கும் துணியாக்கக்கூடாது. தனியிடத்தில், முழுக்கொடியாகவே, மரியாதையோடு எரிப்பதுதான் விதித்தொகுப்பு சொல்லும் வழி. நாங்கள் நான்கு பேர் மட்டும் போய், பேசாமல் செய்துவிட்டு வருவோம். வீடியோ எடுக்க விடுவதில்லை.

மடிக்கும் முறை?

கொடியைக் கிடையாக இருவர் பிடிக்க வேண்டும். காவியும் பச்சையும் வெள்ளைக்கு அடியில் போகும்படி மடியுங்கள். இப்போது மேலே வெள்ளைப் பட்டை மட்டும் இருக்கும். அதன் இரு ஓரத்தையும் உள்நோக்கி மடித்தால் சக்கரமும், காவியிலும் பச்சையிலும் கொஞ்சம் கொஞ்சமும் மட்டும் தெரியும். அப்படியே இரு உள்ளங்கையிலும் ஏந்திக் கொண்டுபோய் வைக்க வேண்டும். அக்குளில் இடுக்கிக்கொண்டு போகக்கூடாது. இருவர் சேர்ந்தால்தான் முடிகிற வேலை இது. ஒருவர் வேகமாக மடித்தால் சக்கரம் கோணிவிடும். பேசிக்கொள்ளாத இரண்டு பிள்ளைகளை ஜோடியாக இதில் விடுங்கள். நான் வேண்டுமென்றே அப்படித்தான் விடுவேன்.

ஒரு மாணவன் தேசிய கீதம் பாடாமல் நிற்கிறான். கண்டிக்கலாமா?

எழுந்து அமைதியாக நின்றால் அவன் மரியாதை செய்துவிட்டான். கேரளத்தில் மத நம்பிக்கை காரணமாக மூன்று பிள்ளைகள் தேசிய கீதம் பாடவில்லை. ஆனால் மற்றவர்களோடு எழுந்து நின்றார்கள். பள்ளி நீக்கியது. உச்ச நீதிமன்றம் 1986இல் பிஜோ இம்மானுவேல் வழக்கில் அந்த நீக்கத்தைச் செல்லாது என்றது. ஆசிரியர்கள் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய தீர்ப்பு.

பாடாத பிள்ளையைத் தனியே அழைத்து, ‘ஏம்பா, சொல்லு’ என்று கேளுங்கள். என் அனுபவத்தில் பாதிப் பேருக்கு வரிகள் தெரியாது, தெரியாததைச் சொல்ல வெட்கம். 52 விநாடி நேரப் பாட்டு. ஒரு வாரம், தினம் ஒரு வரி, பொருளோடு சொல்லிக் கொடுத்தால் போதும். நம் மாநிலத்தில் நிகழ்ச்சி தொடங்கும்போது தமிழ்த்தாய் வாழ்த்து, முடியும்போது தேசிய கீதம். 2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்து மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. அதற்கும் எழுந்து நிற்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே நிமிர்வோடு நிற்கும் பிள்ளைக்கு, மொழிப்பற்றா நாட்டுப்பற்றா என்ற குழப்பம் வருவதை நான் பார்த்ததில்லை.

எங்கள் பள்ளி ஓசூர் பக்கம். பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கும் கன்னடமும், சிலர் உருதும் பேசுகிறார்கள். எப்படி ஒன்றாக்குவது?

ஒன்றாக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே ஒன்றாகத்தான் இருக்கிறார்கள். காலையில் நாம் சொல்லும் உறுதிமொழி, ‘இந்தியா எனது நாடு’ என்று தொடங்குவது, முதலில் எழுதப்பட்டது தெலுங்கில். எழுதியவர் நல்கொண்டா பக்கத்துக்காரர் பைடிமர்ரி வெங்கட சுப்பா ராவ், 1962இல். கொடிக்கு முதல் வடிவம் வரைந்து 1921இல் விஜயவாடாவில் காந்தியிடம் கொடுத்த பிங்கலி வெங்கய்யாவும் தெலுங்கர்தான். இதைச் சொன்னதும் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளை ஒன்று, ‘எங்க ஆயா பேசுற தெலுங்கிலயா சார்?’ என்று கேட்டு, அடுத்த வாரம் உறுதிமொழியைத் தெலுங்கில் எழுதிக்கொண்டு வந்து வாசித்தது. அதுவரை அந்தப் பிள்ளை வகுப்பில் வாய் திறந்து நான் கேட்டதில்லை. அவரவர் வீட்டு மொழியில் உறுதிமொழியை ஒரு நாள் சொல்ல விடுங்கள்.

நம் பக்கத்தில் பிள்ளைகளை எங்கே அழைத்துப்போகலாம்?

முதலில் பாப்பாரப்பட்டி. விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா வத்தலகுண்டில் 1884இல் பிறந்தவர். வ.உ.சி.யோடு 1908இல் கைதானார். 1912இல் சிறையிலிருந்து வெளியே வரும்போது தொழுநோய். அந்த நோயைக் காரணம் காட்டி அவர் ரயிலில் போகக்கூடாது என்று அரசு தடுத்தது. அப்புறம் அவர் கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் அமைத்தார், பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட நினைத்தார். அதற்கு அடிக்கல் நாட்ட 1923இல் வங்கத்துத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் வந்தார். கோயிலைப் பார்க்காமலே 1925 ஜூலை 23 அன்று இதே ஊரில் சிவா இறந்தார், நாற்பது வயதில். இப்போது மணிமண்டபமும் பாரத மாதா நினைவாலயமும் அங்கே இருக்கின்றன.

அங்கே போகும்போது பிள்ளைகளைப் பேருந்தில் வாசலில் இறக்கிவிடாதீர்கள். கடைசி ஐந்து கிலோமீட்டர் நடக்க விடுங்கள். நாங்கள் ஜூலை 23 அன்று விடியற்காலையில் நடக்கிறோம். வழியெல்லாம் நான் எதுவும் பேசுவதில்லை. மண்டபத்தில் உட்கார்ந்த பிறகு, புண் வைத்த காலோடு ஒருவர் இப்படி நடந்தார் என்று மட்டும் சொல்வேன். கேள்விகள் அவர்களிடமிருந்து வரும். ‘ரயில்ல ஏத்தாத ஊருக்காக ஏன் சார் நடந்தாரு?’ என்று ஒரு பையன் கேட்டான். பதில் சொல்லாமல் அவர்களுக்குள் பேச விட்டேன். ஒரு மணி நேரம் பேசினார்கள்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்கள் ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளிக்குப் போகலாம். ராஜாஜி 1878 டிசம்பர் 10 அன்று பிறந்த வீடு நினைவிடமாக இருக்கிறது. சின்ன வீடு. அந்த ஊர்ப் பையன் 1948இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகி, அந்தப் பதவியை வகித்த கடைசி ஆளாக 1950 ஜனவரி 26 வரை இருந்தார் என்பது பிள்ளைகளுக்கு அங்கே நின்று கேட்டால்தான் உறைக்கும். 1930இல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நூறு பேர் அளவில் தொண்டர்களோடு அவர் நடந்த கதையையும் அங்கேயே சொல்லுங்கள். வழியில் அவர்களுக்குச் சோறு போடக்கூடாது என்று மாவட்ட நிர்வாகம் மிரட்டியும் மக்கள் சோறு கொண்டுவந்து வைத்தார்கள்.

ஊராட்சியில் யார் கொடியேற்றுவது என்பதில் எங்கள் ஊரில் பிரச்சினை வருகிறது. பிள்ளைகளிடம் இதைப் பேசலாமா?

பேசியே ஆக வேண்டும். ஊராட்சி அலுவலகத்தில் கொடியேற்றுவது தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர். அவர் எந்தத் தெருவைச் சேர்ந்தவர் என்பதற்கு அங்கே இடமில்லை. திருவள்ளூர் மாவட்டத்தில் 2020 சுதந்திர தினத்தன்று பட்டியல் இனத்தைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர் ஒருவர் கொடியேற்ற முடியாமல் போனது. சில நாள்களில் ஆட்சியர் முன்னிலையில் அவரே ஏற்றினார். 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுதி, சாதிப் பாகுபாட்டால் எந்தத் தலைவரும் கொடியேற்றுவதிலிருந்து தடுக்கப்படக்கூடாது என்றார். கடிதம் எழுத வேண்டிய நிலை இருந்தது என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

பையன்கள் மணிக்கட்டில் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டிக்கொண்டு வருவது பல பள்ளிகளில் இருக்கிறது. எங்கள் மைதானத்துக்கு அப்படி வந்த இரண்டு பேரிடம் நான் எதையும் அறுக்கச் சொல்லவில்லை. கொடி மடிக்கும் வேலையில் எதிரெதிரே உட்கார வைத்தேன். மூன்று வாரம் கழித்து ஒருவன் கையில் கயிறு இல்லை. இன்னொருவன் கையில் இன்னும் இருக்கிறது. இருவரும் சேர்ந்தே சைக்கிளில் வருகிறார்கள். இந்த வேலை மெதுவாகத்தான் நடக்கும்.

கொடியேற்றி முடித்ததும் விடுமுறை. அதன் பிறகு பிள்ளைகளை என்ன செய்ய வைப்பது?

கிராம சபைக்கு அழைத்துப் போங்கள். இந்தக் கேள்வி பதில் முழுவதிலும் நான் மிக முக்கியமாக நினைப்பது இந்தப் பதில்தான்.

நம் மாநிலத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடுகிறது. இதில் இரண்டு நாள் கொடியேற்றும் நாள்கள். காலையில் எட்டு மணிக்குக் கொடிக்கு சல்யூட் வைத்த பிள்ளை பதினொரு மணிக்கு வீட்டில் டி.வி. பார்க்கிறது. அதே நேரத்தில் இரண்டு தெரு தள்ளி, வேப்பமரத்தடியில் அந்த ஊரின் வரவு செலவை வாசிக்கிறார்கள். கேட்க ஆள் இல்லை.

வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள்தான் சபையின் உறுப்பினர்கள். பதினெட்டு ஆகாத பிள்ளைகள் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம், குறிப்பு எடுக்கலாம். தீர்மானம் கேட்க வேண்டுமானால் அம்மாவையோ அண்ணனையோ பேச வைக்க வேண்டும். அதுவும் நல்லதே. தான் சரியென்று நினைப்பதை இன்னொருவர் ஏற்றுக்கொண்டு பேசும்படி எடுத்துச் சொல்வது எவ்வளவு கடினமான வேலை!

எங்கள் பிள்ளைகள் எடுத்தது தண்ணீர். தர்மபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது எல்லாருக்கும் தெரியும். பல்லில் மஞ்சள் கறையோடு சிரிக்கக் கூச்சப்படுகிற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013இல். ஆனால் எங்கள் ஊரில் ஒரு தெருவுக்கு அந்தத் தண்ணீர் ஒழுங்காக வருவதில்லை, ஆழ்குழாய்த் தண்ணீரையே குடித்தார்கள். ஐந்து பிள்ளைகள் ஒரு மாதம் நோட்டில் எழுதினார்கள்: எந்த நாள், எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை குடம் பிடிக்க முடிந்தது. ஆகஸ்ட் 15 கிராம சபையில் அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையின் அம்மா பேசினார். அவர் அதுவரை எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை. குரல் நடுங்கியது. தேதி தேதியாக வாசித்ததும் யாரும் மறுத்துப் பேச முடியவில்லை. தீர்மானம் எழுதினார்கள். தண்ணீர் உடனே வந்துவிடவில்லை. அக்டோபர் 2 அன்று அதே அம்மா அதே நோட்டோடு வந்தார். நவம்பர் 1 அன்று மறுபடியும். அதன் பிறகு வால்வு மாற்றினார்கள்.

பெண் பிள்ளைகளை இதற்கெல்லாம் அனுப்பத் தயங்குகிறோம்.

புரிகிறது. அப்பா அம்மா பெங்களூரிலோ திருப்பூரிலோ வேலைக்குப் போயிருக்க, ஆயா வீட்டில் வளரும் பெண் பிள்ளைகள் நம் இரண்டு மாவட்டத்திலும் நிறைய. அந்தப் பயத்தில்தான் பத்தாவது முடிந்ததும் கல்யாணம் பேசிவிடுகிறார்கள். பெண்ணுக்கு 18 ஆகாத கல்யாணம் சட்டப்படி குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098க்கு யார் வேண்டுமானாலும் போன் செய்யலாம், பெயர் வெளியே வராது.

எங்களிடம் பழகிய இரண்டு பெண்கள் தோழிக்கு நிச்சயம் என்று கேள்விப்பட்டு, முதலில் போன் செய்யவில்லை. அவள் ஆயாவிடம் போய் உட்கார்ந்து ஒரு மாலை முழுக்கப் பேசியிருக்கிறார்கள். ‘பன்னெண்டாவது முடிக்கட்டும் ஆயா, நாங்க கூடவே போயிட்டு கூடவே வரோம்’ என்று. ஆயா ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொள்ளாவிட்டால் மறுநாள் 1098தான் என்று முடிவு செய்துவிட்டுத்தான் போனார்களாம். பின்னால் எனக்குச் சொன்னார்கள். நிச்சயம் செய்யவிருந்த பெண் இப்போது எங்கள் வரிசைப் பொறுப்பாளர். ‘அட்டென்ஷன்’ என்று அவள் சொன்னால் மைக் தேவைப்படாது.

என்.சி.சி., என்.எஸ்.எஸ்., சாரணர்: எதில் சேர்ப்பது?

பள்ளியில் எது ஒழுங்காக நடக்கிறதோ அதில். என்.சி.சி. 1948இல் தொடங்கியது, அணிவகுப்பும் ஒழுங்கும் முதலில். என்.எஸ்.எஸ். 1969இல், ஊர்த் தொண்டும் ஏழு நாள் முகாமும் அதன் உயிர். சாரணர் இயக்கத்தில் ஆறேழு பேர் கொண்ட சின்ன அணிக்கு ஒரு பிள்ளையே தலைவர் என்பது பெரிய பலம். எதுவுமே இல்லாத பள்ளியா? ஒரு கயிறும் ஒரு கொடியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.

நாட்டுப்பற்று என்று ஆரம்பித்து மற்றவர்களை வெறுக்கக் கற்றுக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது.

நியாயமான பயம். யாரையாவது எதிரியாகக் காட்டினால்தான் பிள்ளைக்கு ரத்தம் சூடாகும் என்று நினைப்பவர்களிடம் உங்கள் பிள்ளையை விடாதீர்கள். டிசம்பர் 7 படைவீரர் கொடி நாளுக்கு நாங்கள் உண்டியலோடு போகும்போது, ஊரில் இருக்கும் முன்னாள் படைவீரர் வீட்டுக்குப் போய் உட்காருவோம். எல்லையில் இருந்தவர் அவர். சண்டையைப் பற்றி அவர் பேசுவது மிகக் குறைவு. பனியில் ஷூ காயவைப்பது எப்படி, பஞ்சாப்காரரும் நாகாலாந்துக்காரரும் இவருக்காகச் சோறு வடித்துக் கொடுத்தது எப்படி என்றுதான் பேசுவார். பிள்ளைகள் அசையாமல் கேட்பார்கள்.

சாயங்காலம் கொடி இறக்கும்போது யாருமே வருவதில்லை. அதற்கும் பிள்ளைகளை வரச்சொல்ல வேண்டுமா?

இரவு பகலாகப் பறக்க இப்போது அனுமதி உண்டு என்றாலும் எங்கள் மைதானத்தில் சூரியன் மறையும் முன் இறக்கிவிடுகிறோம். ஐந்தே முக்கால் மணிக்கு நான்கு பேர் வந்தால் போதும். பார்க்க ஆள் இல்லை, மைக் இல்லை, மிட்டாய் இல்லை. காலையில் முடிச்சுப் போட்ட பிள்ளையே கயிறைப் பிடிக்க வேண்டும். கைமாற்றிக் கைமாற்றி மெதுவாக இறக்க வேண்டும். கீழே இரண்டு பேர் கையை விரித்துக்கொண்டு நிற்பார்கள், துணி மண்ணைத் தொடுவதற்குள் வாங்கிக்கொள்ள. போன ஆகஸ்டில் அப்படி வாங்கியது ஏழாம் வகுப்புத் தம்பி ஒருவன். மடிப்புக்குள் ஒட்டியிருந்த ஒரு சாமந்தி இதழை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ‘அக்கா, அடுத்த வருஷம் முடிச்சு நான் போடட்டா?’ என்று கேட்டான். அவள் கயிறை அவன் கையில் கொடுத்து, ‘இப்பவே போட்டுக் காட்டு’ என்றாள்.